காற்றை நாக்கில் வைத்துப் பார்த்தவர்

எழுதுவது என் வேலை இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள். கடைசியாகக் கட்டுரை என்று எழுதியது பள்ளிக்கூடத்தில், 'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பில். அதிலும் பாதியை முன் பெஞ்சுக்காரியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுதினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லப்போகிற விஷயம் சுத்தமானது இல்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எதையாவது படிக்கிற பழக்கம் உள்ளவர்கள், சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய மகளும் மருமகனும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எங்கள் இடத்தில் எல்லோரும் அவரைக் காத்துக்காரர் என்பார்கள். நான் அண்ணே என்று கூப்பிடுவேன்.

எங்கள் இடம் என்பது திருவெறும்பூரில், தஞ்சாவூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சி நிலையம். போலீஸ் வைத்திருக்கிற துப்பாக்கி இல்லை. ஏர்கன். வெடிமருந்து கிடையாது. துப்பாக்கிக்கு அடியில் சப்பாத்திக் கட்டை மாதிரி ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். அதற்குள் காற்றை இறுக்கி இறுக்கி அடைத்து வைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் அதிலிருந்து ஒரு சிட்டிகை காற்று வெளியே வந்து குண்டைத் தள்ளும். லாரி டயரில் அடைக்கிற காற்றைப்போலப் பல மடங்கு அழுத்தம். டயருக்குக் காற்றடிக்கிற கடையில் அது நடக்காது. அதற்கென்று தனி கம்ப்ரஸர் வேண்டும். எங்களிடம் அது இருந்தது. கரூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும்கூட ஆட்கள் சிலிண்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள்.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே வேறு பஸ் மாறிப் போய் வருவேன். இலக்கு அட்டைகளை மாட்டுவது, சுட்டு விழுந்த ஈயக் குண்டுகளைப் பெருக்கி அள்ளுவது, டீ போடுவது, வருகிறவர்களை உட்காரவைப்பது எல்லாம் என் வேலை. பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் கம்ப்ரஸரும் அவரும் இருந்தார்கள்.

ஏதோ ஒரு ஆலையில் பைப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். நெற்றியில் விபூதி பளிச்சென்று இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுப் பெரியவர் என்றுதான் தோன்றும். பக்கத்தில் போனால்தான் வாய் தெரியும். வெற்றிலையும் புகையிலையும் எந்நேரமும் கன்னத்தில் அடங்கியிருக்கும். வெற்றிலை போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இவர் அந்த வாயால்தான் வேலையே செய்வார். என் கஷ்டம் அதுதான்.

முதல் நாள் நான் பார்த்தது இது. ஒரு கல்லூரி வாத்தியார் தன் சிலிண்டரை நிரப்பிக் கையில் வாங்கினார். "எங்கேயோ லேசா லீக் ஆவுதுங்களே, உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது" என்றார். காத்துக்காரர் சிலிண்டரை வாங்கி, ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார். சிவப்பாக நூல் இழுத்துக்கொண்டு வந்தது. அதைத் திருகு மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவினார். விளிம்பில் சிவப்புக் கொப்புளம் ஒன்று கிளம்பிப் பெரிதாகி உடைந்தது.

"இதோ இருக்கான் திருடன்" என்றார்.

வாத்தியார் இரண்டு அடி பின்னால் போனார். "சோப்புத் தண்ணி வச்சுப் பார்க்கக் கூடாதா?"

"சோப்பு எல்லாத்துக்கும் நுரைக்கும் சார். நல்லவன் கெட்டவன் தெரியாது அதுக்கு. எச்சிலு பொய் சொல்லாது."

மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, புது வளையம் ஒன்றை நாக்கில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஊறவைக்கிறாராம். ஊறினால் சுலபமாக உட்காரும், கிழியாது என்றார். அதைத் துப்பி எடுத்து மாட்டி இறுக்கினார். வாத்தியார் சிலிண்டரைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். கைக்குட்டையை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டதை நான் பார்த்தேன்.

மறுநாளே நான் ஒரு சின்ன பாட்டிலில் சோப்புத் தண்ணீரும், பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றும் கொண்டுபோய் கம்ப்ரஸர் பக்கத்தில் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் பார்த்தால் அதை வைத்துத் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல காரியம் பண்ணீங்கம்மா, வண்டி ஒரே புழுதி" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

பயிற்சி நிலையத்தை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். சாருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் அந்த கம்ப்ரஸரைக் கட்டி மேய்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அது நின்றால் துப்பாக்கிகள் எல்லாம் வெறும் கட்டைதான்.

கம்ப்ரஸர் ஓடும்போது நான் கொட்டகைப் பக்கம் போகாமல் இருக்கப் பார்ப்பேன். அது தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சூடு தணிய. காற்றை அவ்வளவு இறுக்கிப் பிழியும்போது அதிலிருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீராகி, மெஷினின் எண்ணெயோடு கலந்து அடியில் சேரும். அதை அடிக்கடி ஒரு குமிழைத் திருகி வெளியேற்ற வேண்டும். வெளியேற்றும்போது சுரீர் என்று பீறிட்டு வரும். பழைய டால்டா டப்பா ஒன்றில் அவர் அதைப் பிடிப்பார். ஆறிப்போன காப்பியில் பால் திரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். நாலு நாள் முறுக்கு சுட்ட எண்ணெயின் வாசனை. ஓர் ஈ அதில் விழுந்து நீந்திக்கொண்டிருக்கும்.

"என்னம்மா, ஸ்ரீரங்கத்துக்காரங்க. தீர்த்தம் வேணுமா?" என்று டப்பாவை என் பக்கம் நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் அதே வேடிக்கை. ஒவ்வொரு தடவையும் அவரே சிரிப்பார். சிரிக்கும்போது அந்தச் சிவப்பு வாய் முழுசாகத் திறக்கும்.

அந்தத் தீர்த்தத்தைக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தடியில் கொட்டுவார். வேறு மரமாக இருந்தால் பட்டுப்போயிருக்கும். அது என்னவோ தளதளவென்று காய்த்தது. ஒருநாள் காய்களைப் பறித்துக் கட்டி என்னிடம் கொடுத்தார். "சாம்பார் வைங்க. நம்ம காத்துல வளந்த காய்." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குப்பையில் போட்டேன். மறுநாள், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்லா இருந்துச்சுண்ணே என்றேன். "எங்க வீட்லயும் அதே காய்தான்" என்றார். அவர்கள் வீட்டில் அதைச் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பிலேயே எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

குண்டு விஷயம் இதைவிட மோசம். ரிப்பேருக்கு வந்த துப்பாக்கியைச் சரிசெய்து சுட்டுப் பார்க்கும்போது, ஈயக் குண்டுகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். தச்சர் ஆணியை வாயில் வைத்துக்கொள்வதைப்போல. ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து, துப்பாக்கியில் போட்டுச் சுடுவார். பயிற்சிக்கு வருகிற டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஐயா, துப்புங்க! ஈயம் உடம்புக்குள்ள போச்சுன்னா நரம்பு போயிடும்."

"எங்கம்மா ஈயச் சொம்புலதான்மா ரசம் வச்சாங்க. எண்பத்தேழு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க."

"அது வெள்ளீயம். இது காரீயம். ரெண்டும் வேற வேற."

"கறுப்போ வெளுப்போ, ஈயம் ஈயம்தானேம்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காத்துக்காரர் வாயில் மிச்சம் இருந்த குண்டுகளை உள்ளங்கையில் துப்பி, வேட்டியில் துடைத்து, டப்பாவிலேயே திரும்பப் போட்டு மூடினார். அந்த டப்பாவிலிருந்துதான் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் குண்டு எடுத்துக் கொடுப்போம். அன்றிலிருந்து புது டப்பாக்களை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

இப்படியெல்லாம் எழுதும்போது அவர் ஏதோ கெட்ட எண்ணம் உள்ளவர் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குக் குழப்பமே அதில்தான். ஒருநாள் கம்ப்ரஸர் குழாய் ஒன்று பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி சுழன்று அடித்தது. நான் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். அவர் பாய்ந்து ஒரு சாக்கைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, மெஷினை நிறுத்தினார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே கோடு கோடாகத் தடித்துவிட்டது. அதைப் பார்க்காமல், நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து ஓடிவந்தார். என் கண்ணில் தூசி விழுந்திருந்தது.

"கசக்காதீங்க, கசக்காதீங்க. கண்ணைத் திறந்து காட்டுங்க. நாக்கால ஒரு வழி வழிச்சா வந்துடும். எங்க ஊர்ல பொம்பளைங்க அப்படித்தான் எடுப்பாங்க."

நாக்கை நீட்டிக்கொண்டு குனிந்தார். அதில் துளி விகாரம் கிடையாது. குழந்தைக்குச் செய்கிற மாதிரிதான் வந்தார். ஆனால் அந்த நாக்கு என் கண்ணுக்கு நேரே வந்தபோது நான் டீத் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே, "தண்ணிய வச்சு அடிங்கம்மா, பயப்படாதீங்க" என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

காற்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சிலிண்டர் நிரம்பியதும் குழாயின் நுனியை லேசாகத் திறந்து நாக்கின் மேல் ஊதிப் பார்ப்பார். ஈரம் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கிறாராம். கண்ணை மூடிச் சப்புக்கொட்டிவிட்டு, "சுத்தம்" என்பார். அவர் ஒருநாளும் சுத்தம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. புகையிலையில் ஊறிய நாக்குக்கு எது தெரியும்? காற்றை வடிகட்டுகிற குழலுக்குள் ஒரு பஞ்சுச் சுருள் இருக்கும். கறுத்ததும் தூக்கிப் போட்டுப் புதிது வைக்க வேண்டும். அவர் அதைப் பிழிந்து, கொடியில் தன் துண்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு வெயிலில் காயவைத்து, மறுபடியும் உள்ளே திணிப்பார். "இது கன்னி கழிஞ்ச பஞ்சு, புதுசைவிட நல்லா உறிஞ்சும்" என்பார். துப்பாக்கிகள் என்ன, மூக்கைப் பொத்திக்கொள்ளவா போகின்றன? ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

சார் கோயம்புத்தூருக்குப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தபோதுதான் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மோட்டார் சைக்கிளில் நடுவில் ஒரு பெரிய மஞ்சள் சிலிண்டரைக் குழந்தையைப்போல உட்காரவைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் புருஷன் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிறவர். கொள்ளிடக் கரையில் ஒரு வாழைத்தோப்புக்காரரின் கிணற்றில், அடியில் இருக்கிற குழாய் வால்வு சேற்றில் சிக்கிக்கொண்டுவிட்டதாம். மறுநாள் காலையில் இறங்கி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நிரப்பி வைத்திருந்த சிலிண்டர் கசிந்து காலியாகிவிட்டது. வழக்கமாக நிரப்புகிற இடம் சென்னையில். இங்கே பெரிய அழுத்தத்தில் காற்று அடைத்துத் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

காத்துக்காரர் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன் திருகும் எங்கள் குழாயின் திருகும் ஒரே அளவு. பொருந்தியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"நம்ம காத்து மனுஷனுக்கும் ஆவப்போவுதுடா தம்பி" என்று அந்தப் புருஷனின் தோளில் தட்டினார்.

கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. பெரிய சிலிண்டர், நேரம் எடுக்கும். அந்தப் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதுதான். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"கயிறு பிடிச்சுப் பிடிச்சு இப்படி ஆயிடுச்சுக்கா. அவரு உள்ள இறங்குவாரு, நான் மேல நின்னு கயிறு பிடிச்சுக்குவேன். வேற ஆள் கிட்ட கொடுக்க மாட்டேன்."

"பயமா இருக்காதா?"

"ஒரு இழுப்பு இழுத்தாருன்னா நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா தூக்குன்னு அர்த்தம். ஒண்ணுமே இழுக்காம இருந்தாத்தான்கா பயம்." சிரித்துக்கொண்டே சொன்னாள். "மூச்சுல கோளாறு வந்துச்சுன்னா இழுக்கணும்னே தோணாதாம். தூக்கம் வர மாதிரி இருக்குமாம். சொல்லியிருக்காரு."

கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். கொடியில் அவருடைய துண்டு மட்டும் தொங்கியது. காலையில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பஞ்சைக் காணவில்லை.

சாருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். போட்டி நடக்கிற கூடத்தில் போன் கூடாது. எழுந்து கொட்டகைக்குப் போனேன். மெஷின் சத்தத்தில் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாய் நாற்றத்தோடு.

"அண்ணே, இது மூச்சு விடுற காத்துண்ணே."

"துப்பாக்கி விடறதும் மூச்சுதாம்மா."

"மெஷினை மாட்ட வந்தவரு சொன்னாரே, இது துப்பாக்கிக்கு மட்டும்தான், மூக்குக்கு ஆகாதுன்னு."

"அவன் விக்க வந்தவன். நான் இதோட குடும்பம் நடத்தறவன். போங்க, அந்தத் தம்பிக்கு டீ போட்டுக் கொடுங்க."

டால்டா டப்பாவில் தீர்த்தத்தைப் பிடித்தார். அன்று அது காப்பி நிறம்கூட இல்லை, கறுப்பு.

சிலிண்டர் நிரம்பியது. குழாயைக் கழற்றினார். நுனியைத் திறந்து நாக்கில் ஊதிப் பார்த்தார். "சுத்தம்" என்றார். அந்தப் புருஷன் சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனார். அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, போகிற போக்கில், பேச்சுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள்.

"காத்து நல்லாருக்கும்தானேக்கா?"

என் வாய் உலர்ந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேணாம்மா. அதை எடுத்துட்டுப் போகாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நல்லா இல்லம்மா அந்தக் காத்து. பழைய பஞ்சைக் காயவச்சுப் போட்டிருக்காரு. எண்ணெயா வருது. இறங்காதீங்க."

காத்துக்காரர் முகம் செத்துப்போனது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"என்னம்மா சொல்றீங்க? நான் அடைச்ச காத்தையா? எத்தனை வருஷமா அடைக்கிறேன், ஒருத்தன் குறை சொல்லியிருப்பானா?"

"துப்பாக்கி எப்படிண்ணே குறை சொல்லும்?" என்றாள் அந்தப் பெண்.

"தம்பி, அந்த மூச்சுக் குழாயை எடு. எடுய்யா. நானே இழுத்துக் காட்டறேன். அப்புறம் பேசுங்க."

அந்தப் புருஷன் தயங்கினார். பிறகு பையிலிருந்து குழாயை எடுத்துச் சிலிண்டரில் மாட்டினார். தண்ணீருக்குள் பல்லால் கடித்துக்கொள்கிற ரப்பர்த் துண்டு அதன் நுனியில் இருந்தது. அவர் வாய்க்கும் அந்தப் பெண்ணின் வாய்க்கும் தவிர வேறு யாருக்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். காத்துக்காரர் வெற்றிலையை மரத்தடியில் துப்பினார். வாய் கொப்பளிக்கவில்லை. அப்படியே ரப்பரைக் கவ்விக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை எங்கள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இழுத்தார். விட்டார்.

கொர்ர்ர் என்று உள்ளே போகும், களகளவென்று வெளியே வரும். கண்ணை என் மேலேயே வைத்திருந்தார். ரப்பரின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு எச்சில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் திருப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நான்தான் குறை சொன்னவள், அதனால் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் புருஷன், "போதும்ணே, நம்பறோம்" என்றார். இவர் கையைக் காட்டி இரு என்றார். நெற்றியில் வியர்த்து விபூதி கரைந்தது. கண் கலங்கிச் சிவந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னும் இழுத்தார். எவ்வளவு நேரம் இழுத்தாலும் அந்தக் காற்று சுத்தமாகிவிடப் போவதில்லை என்பது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் ரப்பரை வாயிலிருந்து எடுத்தார். எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. எழுந்து நின்று, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் சாப்பிட்ட தயிர்ச் சோறு, வெற்றிலைச் சிவப்பு, எல்லாம். மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார்.

அந்தப் புருஷன் சிலிண்டரின் வால்வைத் திறந்துவிட்டார். காற்று பெரிய சத்தத்தோடு வெளியேறியது. அந்த முறுக்கு எண்ணெய் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. துப்பாக்கிக்குள் இத்தனை நாள் இதுதான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, குழாய் நுனியில் ரப்பரைக் கட்டியிருந்த பட்டையை அறுத்து, ரப்பரைக் காலால் குப்பைப் பக்கம் தள்ளினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

நான் என் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் காத்துக்காரரிடம் நீட்டினேன். வேறு பாத்திரம் பக்கத்தில் இல்லை. அண்ணாந்து குடிப்பார் என்று நினைத்தேன். குடிக்கிற நிலைமையில் அவர் இல்லை. பாட்டிலின் வாயைத் தன் வாயில் வைத்துச் சப்பிக் குடித்தார். குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பி நீட்டினார். "வச்சுக்கங்கண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டிப் பக்கம் பார்த்து, அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"இறங்க விடாதம்மா அவனை. இந்தக் காத்துல இறங்க விடாத."

"இல்லண்ணே. விட மாட்டேன்" என்றாள் அவள். காலி சிலிண்டரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நான் வாந்தியின் மேல் மண்ணை அள்ளிப் போட்டேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாரே என்று அவர்மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மண்ணைப் போடும்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போட்டேன். ஸ்ரீரங்கம் வந்து இறங்கியதும் தலைக்குக் குளித்தேன். அவரை நினைத்தால் முதலில் இன்றைக்கும் அந்த வாய்தான் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகுதான், தலை சுற்றச் சுற்ற அந்த ரப்பரை அவர் எடுக்காமல் கவ்விக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். சென்னையிலிருந்து வேறு சிலிண்டர் வருவதாகவும், வேலையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டதாகவும் சொன்னாள். காத்துக்காரர் பத்து மணிக்கு வந்தார். தலைவலி என்று சொல்லி கம்ப்ரஸரைப் போடவில்லை. சார் சாயங்காலம் வந்து புதுப் பஞ்சுக்குச் சொல்லிவிட்டார். நான் அட்டைகளை மாட்டினேன்.